மெயிலில் பாதி முகவரி லிங்க் வேலை செய்யாதது ஏன்?

[திரை: புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடையின் பொங்கல் மெயில். படத்தின் இடத்தில் காலிப் பெட்டி.]

வணக்கம். கடை வெப்சைட்ல நல்லா ஓடுற அதே ஹெச்டிஎம்எல்தான் இது. மெயில்ல மட்டும் படம் வரல, 'சேலைகளைப் பார்க்க' பட்டனும் எங்கயும் போகல. பட்டனோட ஹெச்ரெஃப்பை, அதாவது லிங்க் எங்க போகணும்னு எழுதுற இடத்தைப் பாருங்க: 'ஸ்லாஷ் பொங்கல் ஸ்லாஷ் சேலை'. முன்னாடி டொமைனே, அதாவது வெப்சைட்டோட பேரே இல்ல.

வெப்சைட்ல பிரவுசருக்குப் பக்கத்தோட முகவரி தெரியும், மீதியை அதுவே சேர்த்துக்கும். இன்பாக்ஸ்ல வந்து இறங்குற மெயிலுக்கு அப்படி ஒரு முகவரியே கிடையாது. சில ஆப் அந்த லிங்க்கை எடுத்துடும். சில வெப்மெயில்ல அது வெப்மெயிலோட டொமைன்லயே ஒட்டிக்கிட்டு 'பக்கம் இல்ல'ங்கிற 404 பிழையைக் காட்டும்.

பாதி முகவரிக்கு முன்னாடி எந்த டொமைனைச் சேர்க்கணும்னு சொல்ற பேஸ் டேக் போட்டா போதாதா? விதிப்படி சரிதான். ஆனா அதை அப்படியே விட்டா, வெப்மெயில் பக்கத்தோட சொந்த லிங்க்கெல்லாம் உங்க டொமைனுக்குத் திரும்பிடும். அதனால பல வெப்மெயில் அதை வெட்டிடுது. 1999-ல வந்த ஆர்எஃப்சி 2557ங்கிற இணையத் தரநிலை ஆவணம், முகவரியை மெயிலோட சேர்த்து அனுப்புற கன்டென்ட்-லொகேஷன் ஹெட்டர் மூலமா ஒரு வழி சொல்லுது. அதை நம்பி வாடிக்கையாளருக்கு அனுப்பாதீங்க. முன்னாடி ஹெச்டிடிபிஎஸ் இல்லாம 'ஸ்லாஷ் ஸ்லாஷ்'னு ஆரம்பிக்கிற முகவரியும் வேண்டாம்.

[திரை: கான்ஃபிக் ஃபைல்]

ஒரே வழி, ஹெச்டிடிபிஎஸ்ல ஆரம்பிச்சு முழு முகவரி. டெம்ப்ளேட்ல கையால அடிக்காம, கான்ஃபிக்ல ஒரே இடத்துல டொமைனை வைங்க. இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. மெயில் க்ரான்ல இருந்து, அதாவது சர்வர் குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டுற வேலையில இருந்து போகும்போது பிரவுசர் ரிக்வெஸ்ட்டே இல்ல, அதனால வெப்சைட்டைக் கட்டுன ஃப்ரேம்வொர்க்குக்கு டொமைன் தெரியாது. லாராவெல்ங்கிற ஃப்ரேம்வொர்க்ல, டொமைனைச் சொல்ற 'ஆப் யூஆர்எல்' அமைப்பை மாத்தாம விட்டா, கடலூர்ல இருக்கிற வாடிக்கையாளருக்கு, அவங்க சொந்தக் கருவியையே குறிக்கிற 'லோக்கல்ஹோஸ்ட்'னு லிங்க் போகும்.

படத்தை மெயிலுக்குள்ளயே அனுப்பணும்னா சிஐடி, அதாவது கன்டென்ட்-ஐடி. கன்டென்ட்-ஐடி ஹெட்டர்ல கோண அடைப்புக்குறி கட்டாயம். படம் எங்க இருக்குன்னு சொல்ற எஸ்ஆர்சி-ல 'சிஐடி' போட்டு முக்காற்புள்ளி வச்சு, அதே ஐடியை அடைப்புக்குறி இல்லாம எழுதணும். ஹெச்டிஎம்எல்லும் படமும் ஒரே மல்டிபார்ட்-ரிலேட்டடுக்குள்ள, அதாவது ஒண்ணோட ஒண்ணு சேர்ந்த பகுதிகளுக்கான தொகுப்புக்குள்ள இருக்கணும். மல்டிபார்ட்-மிக்ஸ்டுல வச்சா பல ஆப்ல படம் அட்டாச்மென்ட்டா கீழ தொங்கும்.

[திரை: சோதனை ஸ்கிரிப்ட்]

அனுப்புறதுக்கு முன்னாடி, டெம்ப்ளேட்டை இல்ல, தயாரான மெயிலைச் சோதிங்க. ஹெச்ரெஃப், எஸ்ஆர்சி, சிஎஸ்எஸ்ல வர்ற யூஆர்எல் எல்லாத்தையும் எடுங்க. ஹெச்டிடிபிஎஸ், மெயில் முகவரிக்கான மெயில்டூ, ஃபோன் நம்பருக்கான டெல், சிஐடி, இந்த நாலுல ஒண்ணுல ஆரம்பிக்காத முகவரி ஒண்ணு இருந்தாலும் ஸ்கிரிப்ட் அனுப்புறதை நிறுத்தணும். போன மெயிலைத் திருத்த முடியாது. டொமைன் சரியா இருந்து பாதை மட்டும் தப்பா போயிருந்தா, சர்வர்ல அந்தப் பழைய பாதைக்கு ஒரு ரீடைரக்ட் போட்டு ஆளைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோகலாம்.