சிவப்பு, வெள்ளை, நீலம்: வான்கோழி வேட்டைக்கு இந்த மூணு நிறத்துல போகாதீங்க!

காலர் வழியா வெள்ளை பனியன் எட்டிப் பார்க்குதா? சாக்ஸ் சிவப்பா? கைக்குட்டை நீலமா? அப்படியே அமெரிக்கக் காட்டுக்குள்ள வான்கோழி வேட்டைக்குப் போனீங்கன்னா, குண்டடி படப்போறது நீங்களா இருக்கலாம். வசந்த காலத்துல சேவல் வான்கோழியோட தலை இந்த மூணு நிறத்துலதான் இருக்கும். புதர் நடுவுல துளி வெள்ளையோ சிவப்போ அசைஞ்சா, எதிர்ல உட்கார்ந்திருக்கிற வேட்டைக்காரர் கண்ணுக்கு அது வான்கோழித் தலை. அவர் குறி வைக்கிறதும் தலைக்குத்தான்.

வணக்கம் மக்களே. சட்டத்தைச் சட்டுன்னு முடிச்சிடுவோம். இந்தியாவுல 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அதனால இந்த வீடியோ அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்கு. ஹெச்-1பி மாதிரி விசாவுல இருந்தா, துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்க மத்தியச் சட்டம் பொதுவா விடாது. மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு. மாநிலச் சட்டம் தனியா இருக்கும், அதையும் பார்த்துக்கங்க. ஹண்டர் எஜுகேஷன் வகுப்பு, லைசென்ஸ், வான்கோழிக்கான பெர்மிட். இந்த வரிசையில போங்க.

வரலாறு பத்தே வினாடி. போன நூற்றாண்டு ஆரம்பத்துல கிட்டத்தட்ட அழிஞ்சே போன பறவை இது. பண்ணையில வளர்த்துக் காட்டுல விட்டாங்க, பிழைக்கலை. காட்டுப் பறவையையே வலை போட்டுப் பிடிச்சு வேற காட்டுல விட்டாங்க, பெருகிடுச்சு. மிசூரி மாநிலம் 1960ல மூணே நாள் வசந்த வேட்டைக்கு அனுமதிச்சுது. இன்னிக்கு அங்க ஏப்ரல் மூணாவது வாரத்துல தொடங்கி மூணு வாரம் நடக்குது.

சரி, அசல் விஷயத்துக்கு வருவோம். கூப்பிடறது! இந்த வேட்டையோட உயிரே இதுதான்.

சேவல் ராத்திரி மரத்து மேல தூங்கும். விடியறதுக்கு முன்னாடி நீங்க ஆந்தை மாதிரி ஒரு குரல் கொடுத்தா, அதைக் கேட்டு மரத்துலேருந்தே கொலகொலன்னு கத்தும். இடம் தெரிஞ்சதும் நூறு, நூத்தம்பது கஜம் தள்ளி உட்காருங்க. அதுக்கு மேல நெருங்கினா பறவை பறந்துடும்.

இப்ப இதை மட்டும் நல்லாக் கவனிங்க. காட்டுல சேவல் கத்தும், பெட்டை அதைத் தேடிப் போகும். நீங்க பண்ணப்போறது அதுக்கு நேர் எதிர். பெட்டை மாதிரி குரல் கொடுத்து, சேவலை உங்ககிட்ட நடக்க வைக்கணும். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை! அதனாலதான் அறுபது கஜத்துல நின்னு, வாலை விரிச்சுக்கிட்டு நகரவே மாட்டான். புதுசா வர்றவங்க பதறிப்போய் இன்னும் இன்னும் கூப்பிடுவாங்க. அவன் கணக்குல என்ன ஆகும்? “அவளே வந்துக்கிட்டிருக்கா”ன்னு அங்கேயே நின்னுடுவான். அவன் பதில் கொடுத்து, நெருங்க ஆரம்பிச்சதும் கூப்பிடறதை நிறுத்திடுங்க. பதினஞ்சு, இருபது நிமிஷம் சத்தமே வேண்டாம். பெட்டை எங்க போனாள்னு அவனே தேடி வர வாய்ப்பு அப்பத்தான் அதிகம்.

எதை வெச்சுக் கூப்பிடறது? வாயில வெச்சு ஊதுற டயாஃப்ரம் கால் பழக மாசக் கணக்காகும். முதல் சீசனுக்கு சிலேட் கால் வாங்குங்க. வட்டமான சின்னக் கிண்ணத்து மேல ஒரு சிலேட் தகடு, அதுல உரச ஒரு குச்சி. பள்ளிக்கூட சிலேட்டுல பல்பத்தைச் சாய்ச்சு அழுத்தினா கீச்சுன்னு ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அதேதான்.

கிண்ணத்தை உள்ளங்கையில பொத்தாதீங்க, அடியில இருக்கிற ஓட்டை அடைபட்டு சத்தம் செத்துடும். விரல் நுனியில தாங்குங்க. உப்புத்தாளால தகட்டை ஒரே திசையில தேய்ங்க, குச்சி முனையையும் லேசாத் தேய்ங்க. குச்சியைப் பேனா மாதிரி பிடிச்சு, சாய்ச்சு, விளிம்புப் பக்கம் குட்டி குட்டி முட்டை வடிவமா உரசுங்க. முனை தகட்டை விட்டு எழும்பவே கூடாது. உச்சத்துல ஆரம்பிச்சுக் கீழே இறங்குற குரல் வரும். அதுதான் யெல்ப், பெட்டையோட அழைப்புக் குரல். அஞ்சாறு யெல்ப் ஒரே தாளத்துல போதும். சுருதி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, தாளம் பிசகக் கூடாது. விரல் எண்ணெய் தகட்டுல பட்டாலும், பனியில நனைஞ்சாலும் குச்சி வழுக்கும், ஊமையாயிடும். ஜிப் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.

உட்காரும்போது தோளைவிட அகலமான மரத்துல முதுகைச் சாய்ச்சுக்கங்க. வான்கோழிக்கு மோப்ப சக்தி ரொம்பக் கம்மி, மான் வேட்டை மாதிரி காத்துத் திசை பார்க்கத் தேவையில்லை. ஆனா கண்ணு? தலையைத் திருப்பாமலே சுமார் 270 டிகிரி தெரியும். முகமூடி, கையுறை கட்டாயம். துப்பாக்கியை முட்டி மேல முன்கூட்டியே வெச்சிடுங்க. அவன் தலை மரத்துக்குப் பின்னால மறையும்போது மட்டும் அசைங்க. டம்மி பெட்டையை இருபது கஜத்துல நிறுத்துங்க, தூரம் கணக்குப் போடவும் அதுவே உதவும்.

துப்பாக்கி 12 அல்லது 20 கேஜ் (குழாய் அளவு), ரவை ரொம்பச் சிதறாம இருக்கக் குழாய் முனையில டைட்டான சோக். ஈய ரவைன்னா 4, 5, 6 நம்பர். சீசனுக்கு முன்னாடியே காகிதத்துல 20, 30, 40 கஜத்துலேருந்து சுட்டுப் பாருங்க. பத்து அங்குல வட்டத்துக்குள்ள நூறு ரவை விழற தூரம்தான் உங்க எல்லை. நாற்பதைத் தாண்டாதீங்க. உடம்புல சுட்டா இறகும் நெஞ்சுச் சதையும் ரவையைத் தடுத்துடும், பறவை காயத்தோட ஓடிப்போய் எங்கேயோ சாகும். அது பாவம், அப்படி விடக் கூடாது. வாலை விரிச்சு நிக்கும்போது கழுத்து சுருங்கியிருக்கும், அப்பவும் சுடாதீங்க. ஒரே ஒரு ‘க்ளக்’ (பெட்டையோட குட்டைக் குரல்) கொடுங்க, கழுத்தை நீட்டிப் பார்ப்பான். தாடி, அதாவது நெஞ்சுல தொங்குற முடி மாதிரி இறகுக் கொத்து, கண்ணுக்குத் தெரிஞ்சு, பின்னாடி ஆள் இல்லைன்னு உறுதியானா மட்டும் சுடுங்க.

சேவல் குரல் கேட்டா பதுங்கிப் பதுங்கிப் போகவே கூடாது, அங்க கத்துறது இன்னொரு வேட்டைக்காரரா இருக்கலாம். யாராவது உங்க பக்கம் வந்தா கையை ஆட்டாதீங்க, சத்தமாக் குரல் கொடுங்க.

விழுந்ததும் சேஃப்டியைப் போட்டுட்டுக் கிட்டப் போங்க, கால் முள் கிழிச்சிடும், ஜாக்கிரதை. உடனே டேக் பண்ணுங்க, அதாவது அடையாளச் சீட்டு மாட்டுங்க. மிசூரியில அன்னிக்கு ராத்திரி 10 மணிக்குள்ள பதிவும் பண்ணியாகணும். பறவையை ஆரஞ்சுத் துணியில முழுசாச் சுத்தித் தூக்கிட்டு வாங்க, சிவப்புத் தலை வெளியே தொங்கக் கூடாது. உங்க மாநிலத்துல சீசன் எப்போன்னு கமெண்ட்ல சொல்லுங்க.