சருகைத்தான் கொளுத்தினேன்

நாகர்கோவில் வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் இல்லை. ஆனால் காட்டுத்தீ வழக்குகளுக்கு மகஜர், அதாவது சம்பவ இடத்து அறிக்கை, எழுதி, சாட்சி சொல்ல கோர்ட்டு வராந்தாவில் காத்துக் கிடந்து கொஞ்சம் சட்டமும் ஒட்டிக்கொண்டது. அதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் மூங்கில் விஷயத்தை முடித்துவிடுகிறேன். மூங்கிலும் மூங்கிலும் உரசித் தீப்பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் நீங்களும் கேட்டிருப்பீர்கள், நானும் கேட்டேன். கீரிப்பாறை, பாலமோர், பேச்சிப்பாறை என்று முப்பது வருஷம் காட்டில் நடந்தவன் நான். மூங்கில் உரசுகிற சத்தத்தை ராத்திரியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை ஆனை வந்துவிட்டது என்று ஓடியும் இருக்கிறேன். தீப்பிடித்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இடி விழுந்து பிடிக்காதா என்பீர்கள். நம் மாவட்டத்தில் இடி வந்தால் கூடவே மழையும் வரும். சரி, தீ எங்கே பிடிக்கிறது? ரோட்டோரம், ஒற்றையடிப் பாதையோரம், எஸ்டேட் எல்லை, மருந்துவாழ்மலை மாதிரி ஆள் ஏறுகிற பொற்றைகள். மூங்கிலே இல்லாத இடத்திலும் மூங்கில்மேல் பழி போடுவார்கள். ஏனென்றால் மூங்கில் மேல் வழக்குப் போட முடியாது. எல்லோருக்கும் வசதியான குற்றவாளி அது.

தீ வைத்தது மனுஷன். அதை முதலில் ஒத்துக்கொண்டால்தான் சட்டம் உள்ளே வர முடியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பூதப்பாண்டிக்கு வடக்கே மலையடிவாரம், மாசிக் கடைசி. மத்தியானம் இரண்டு மணிக்குப் புகை தெரிந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தீ பாதி மலை ஏறிவிட்டது. மேட்டைப் பார்த்தால் தீக்குக் கால் முளைத்துவிடும், ஓடும். பச்சைக் கிளையை ஒடித்து அடித்து அடித்து, குறுக்கே புல்லைச் செதுக்கி, அணைத்து முடிக்க ராத்திரி பத்து மணி. மறுநாள் காலையில், தொடங்கிய இடத்தைத் தேடினோம்.

இது பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். எரிந்த இடத்தைத் தூர நின்று பார்த்தால் பனையோலை விசிறி மாதிரி இருக்கும். மேலே விரிந்து கிடக்கும், கீழே வரவர ஒடுங்கும். அந்த விசிறிக் காம்பைத்தான் தேடிப் போகிறோம். வழியில் கிடக்கும் பாறைகளும் உதவி செய்யும். தீ வந்த பக்கம் கரி அப்பியிருக்கும், மறுபக்கம் அவ்வளவு இருக்காது. பாறை பாறையாகப் பார்த்துக் கீழே இறங்கினோம். காட்டு எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு விளைக்குள், அதாவது தோப்புக்குள், வந்து நின்றோம். கொல்லாமரங்கள், அதாவது முந்திரி. ஒரு மரத்தடியில் வட்டமாக வெள்ளைச் சாம்பல். பக்கத்து மரத்தில் ஓர் ஈர்க்குமாறு சாய்த்து வைத்தபடியே பாதி கருகி இருந்தது.

அண்டி, முந்திரிக்கொட்டை, பொறுக்குகிற காலம். கீழே விழுகிற அண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகச் சருகைக் கூட்டிக் கொளுத்துவது வழக்கம். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே விளைக்காரப் பெரியவர் வந்தார். முந்தின நாள் ராத்திரி எங்களோடு நின்று தீயை அடித்தவர் அவர். கையில் கொப்புளம் இருந்தது.

“தீ வெச்சது யாரு பாட்டா?” என்று கேட்டேன்.

“நான் தீ வெக்கல்ல சாறே. சருகைத்தான் கொளுத்தினேன். கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா மலையில ஏறிட்டுது” என்றார்.

என்னோடு வந்த காவலர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பெரியவர் சொன்ன அந்த வித்தியாசத்தின் மேல்தான் சட்டமே நிற்கிறது. காட்டை எரிக்க வேண்டும் என்று வைத்தாயா, எரியும் என்று தெரிந்தே வைத்தாயா, இல்லை அஜாக்கிரதையாக விட்டுவிட்டுப் போனாயா? முதல் இரண்டுக்கும் ஒரு கணக்கு, மூன்றாவதற்கு வேறு கணக்கு.

அஜாக்கிரதை என்றால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 287-ஆம் பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேண்டுமென்றோ, சேதம் வரும் என்று தெரிந்தோ வைத்தால் 326-ஆம் பிரிவு: 7 வருஷம் வரை. அந்தத் தீ ஆள் குடியிருக்கும் வீட்டை எரிக்க வைத்ததாக இருந்தால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். அஜாக்கிரதையால் ஓர் உயிர் போய்விட்டால் 106-ஆம் பிரிவு, 5 வருஷம் வரை. என் காலத்தில் இவையெல்லாம் இந்திய தண்டனைச் சட்டத்தில் வேறு எண்களில் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் எண்ணும், சிலவற்றில் தண்டனையும் மாறிவிட்டன.

இதெல்லாம் பொதுச் சட்டம். காட்டுக்கென்று தனியாகவும் உண்டு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ல் வந்தது, நம் பாட்டனுக்கும் பாட்டன் காலம். அப்புறம் 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். நம் மாவட்டத்தில் 402 சதுர கிலோமீட்டர் காடு 2008-ல் சரணாலயம் ஆனது. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டினாலும், மூட்டிய தீயை அணைக்காமல் விட்டுப் போனாலும் குற்றம் என்கிறது அந்த 1972 சட்டத்தின் 30-ஆம் பிரிவு. 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நன்றாகக் கவனியுங்கள், அணைக்காமல் விட்டுப் போனாலும். பெரியவர் கஞ்சி குடிக்கப் போனார் இல்லையா? அது சரணாலயத்துக்கு முந்தின காலம். அபராதம் கட்டித் தப்பினார்.

அப்படியானால் சட்டம் போதாதா? எழுத்தில் போதும். போதாதது சாட்சி. அந்தப் பெரியவர் மாட்டியது எதனால்? ஓடாமல் நின்றார், கேட்டதும் உண்மையைச் சொன்னார். பீடித்துண்டை வீசிவிட்டு பைக்கில் போனவன், இளம்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சல் காட்டில் கொளுத்தியவன், முயல் பிடிக்கத் தீ வைத்தவன், இவர்களுக்கெல்லாம் என் மகஜரில் ஒரே பெயர்தான்: அடையாளம் தெரியாத நபர். அத்தனை வருஷத்தில் நான் அதிகம் எழுதிய பெயர் அதுவாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் 2017 செப்டம்பரில் நடந்ததைக் கேளுங்கள். 15 வயதுப் பையன் ஒருவன் பட்டாசு ஒன்றைக் கொளுத்திப் பள்ளத்தாக்கில் வீசினான். ஏறக்குறைய 48,000 ஏக்கர் எரிந்தது. மலையேறப் போன 150 பேர் ராத்திரி முழுக்கக் காட்டில் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் தீர்ப்பு: 5 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 1,920 மணி நேரம் வனத்துறைக்கு உழைப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்புக் கடிதம், அதோடு 3 கோடியே 66 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு. பையன் எங்கே கட்டுவான்? நீதிபதிக்கும் அது தெரியும். தவணையில் கட்டலாம், ஒழுங்காக இருந்தால் 10 வருஷத்துக்குப் பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் வழி விட்டார். நான் சொல்ல வந்தது தொகையை இல்லை. அவன் எப்படிப் பிடிபட்டான்? அந்தப் பாதையில் நடந்து வந்த ஒரு பெண் அவன் வீசியதைக் கண்ணால் பார்த்தார், கீழே ஓடி வந்து அதிகாரியிடம் சொன்னார். அவ்வளவுதான். நம் ஊரில் பார்த்தவர் யாரும் இல்லையா? இருக்கிறார்கள். “நமக்கெதுக்கு வம்பு” என்று பேசாமல் இருப்பார்கள், அல்லது மூங்கில் என்பார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரல் காட்டுகிறார். குரங்கணியைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம், மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் தீயில் போனார்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள், அதற்கு மேல் நேரமில்லை. சரணாலயத்துக்குள் குடியிருப்பவர்கள் தீயைக் கண்டால் அணைக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே நம் மலைவாழ் மக்களான காணிக்காரர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், போகட்டும்.

விளைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சருகை மரத்து மூட்டில் கூட்டி மண் போட்டு மூடினாலே போதும், உரமாகும். கொளுத்தியே தீருவேன் என்றால் சுற்றிலும் நாலு முழம் செதுக்கிவிடுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் இருக்கட்டும். சாம்பலில் புறங்கையை வைத்துச் சூடு போய்விட்டதா என்று பார்க்கிற வரைக்கும் இடத்தை விட்டு நகராதீர்கள். கஞ்சியை விளைக்கே கொண்டு வரச் சொல்லுங்கள். வணக்கம்.