தனிமரம் நின்ற ஊர்

(அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, தலைவருக்கும் நமக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கும் செயலாளர் அவர்களே, கணக்கில் கறாரும் சர்க்கரைப் பொங்கலில் தாராளமுமான பொருளாளர் அவர்களே, மினியாபொலிசிலிருந்து பனியில் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, காலை ஐந்து மணியிலிருந்து அடுப்படியில் நிற்கும் சகோதரர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம். அதில் ஒன்று இப்போதே போய்விட்டது.

'சின்ன ஊரும் பெரிய மனமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஒன்று, நம் மாநிலத்திலேயே இருக்கும் ஓர் ஊர். இரண்டு, அந்த ஊர் ஏன் காலியானது. மூன்று, நெப்ராஸ்கா விவசாயமும் நம் விவசாயமும்.

'தனிமரம் தோப்பாகாது' என்று என் பாட்டி சொல்லும். கூட்டுக் குடும்பத்தை விட்டு யாராவது தனியாகப் போனால் அதைத்தான் சொல்லும். நானும் மேடைக்கு மேடை சொல்லிவருகிறேன். மனோவை (Monowi) என்ற ஊருக்குப் போய்வந்த பிறகு கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறேன்.

மனோவை என்பது பாய்ட் கவுண்டியில், 12ஆம் நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது. இங்கிருந்து வடமேற்கே நாலு மணி நேரம் போல ஆகும். 2010 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள்தொகை 1. பத்து வருடம் முன்னால், 2000இல், 2. எல்சி ஐலர் அம்மையாரும் அவர் கணவர் ரூடியும். 2004இல் ரூடி காலமானார். அம்மையார் ஒருவரே மேயர், ஊர் எழுத்தர், பொருளாளர், நூலகர், மதுக்கடை முதலாளி, சமையல்காரர் என்று எல்லாமும் ஆனார்.

என் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா முப்பது வருடம் ஊராட்சி எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நயாகராவைக் காட்டியபோது 'ம்' என்றவர், இந்த ஊரைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழியெல்லாம் விசாரணைதான்.

"ஊருக்கு வரி போடுறது யாரு?"

"அந்தம்மாதான்ப்பா."

"கட்டுறது?"

"அந்தம்மாதான்."

"பாக்கி வெச்சா நோட்டீஸ் யாருக்குப் போகும்?"

வருடத்துக்கு 500 டாலர் போல தனக்குத்தானே வரி போட்டு, நாலு தெருவிளக்கையும் தண்ணீரையும் அந்த அம்மா பார்த்துக்கொண்டார் என்றேன். அப்பா யோசித்தார். மதுக்கடை உரிமத்தைச் சொன்னதும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார். விண்ணப்பம் போடுவது கடைக்காரர். அதை வாங்கிப் பார்ப்பது ஊர் எழுத்தர். சரி என்று சொல்வது மேயர். மூன்று நாற்காலியிலும் ஒரே ஆள். "ஒரு கையெழுத்துக்கு நான் ஆறு மாசம் அலைஞ்சிருக்கேன்டா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப கிராம சபை நடத்தக் கோரம் எத்தனை பேரு?" என்றார். "நூறு சதவீத வருகைப்பா" என்றேன். சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைச் சுவரில் வண்ணம் உதிர்ந்த கடை. கதவில் பூட்டு. திங்கட்கிழமை விடுமுறையாம்! நான்தான் நாள் பார்க்காமல் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். ஒரு கடைக்கு விடுமுறை என்றால் அங்கே ஊருக்கே விடுமுறை. 'மனோவை 1' என்ற பெயர்ப்பலகை பக்கத்தில் நின்று அப்பா படம் எடுத்துக்கொண்டார். எடுக்கும்போது, "இப்ப மூணுன்னு எழுதணும்" என்றார்.

மக்கள்தொகை என்றதும் இன்னொன்று. 2020 கணக்கெடுப்பில் மனோவைக்கு 2 என்று வந்தது. யாரடா அந்த இன்னொருவர் என்று தேடினால் ஆளே இல்லை. தனி ஆளின் விவரம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக எண்களைக் கொஞ்சம் கலைத்து வெளியிடுகிறார்கள். பெரிய ஊரில் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு பேயைக் குடியேற்றிவிட்டார்கள்.

இரண்டாவது விஷயம், சுருக்கமாக. 1902இல் ரயில் வந்தது, ஊர் பிறந்தது. 1930களில் 150 பேர் வரை இருந்தார்கள். டிராக்டர் வந்ததும் பத்து ஆள் வேலைக்கு ஓர் ஆள் போதும் என்றானது. பிள்ளைகள் பட்டணம் போனார்கள். தபால் நிலையம் மூடியது, மளிகைக் கடை மூடியது, 1974இல் பள்ளிக்கூடமும் மூடியது. தேவாலயத்தில் கடைசியாக நடந்த இறுதிச் சடங்கு 1960இல், எல்சி அம்மையாரின் தகப்பனாருக்கு. இந்தக் கதையை நம் தாத்தா ஊரிலும் கேட்டிருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது கடைக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டகையைப் பற்றி. ரூடி பெரிய படிப்பாளி. தான் சேர்த்த புத்தகங்களை வைத்து ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். முடிப்பதற்குள் போய்விட்டார். குடும்பத்தார் சேர்ந்து முடித்தார்கள். 5000 புத்தகம். 'ரூடி நூலகம்' என்று பெயர். அப்பா சன்னல் கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். மரப்பலகை அடுக்குகள், முதுகு வெளுத்த புத்தகங்கள். நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

தனிமரம் தோப்பாகாது என்கிறோம். ஓர் ஆள் இருக்கும் ஊரில் 5000 புத்தகத்துக்கு ஒரு கூரை இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கிறோம். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வாங்கிய தமிழ்ப் புத்தகங்கள் மூன்று வருடமாக என் கராஜில், பனிவாரிக்கும் பழைய டயருக்கும் நடுவே, பதினாலு அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. பொதுக்குழுவில் நாலு முறை பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் 'பரிசீலிக்கலாம்' என்று குறிப்பு எழுதுகிறார்கள். தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பரிசீலிப்பதற்கு நாமும் மேயர், எழுத்தர், பொருளாளர் எல்லாம் வைத்திருக்கிறோம், தனித்தனி ஆளாக. அதனால்தான் தாமதமோ என்னவோ.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். விவசாயத்தை அடுத்த பொங்கலுக்குப் பேசுகிறேன். பள்ளி நடக்கும் கட்டடத்தில் புத்தகங்களுக்கு ஓர் அறை தருகிறோம் என்று அங்குள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு அலமாரி வேண்டும், பெட்டிகளைக் கொண்டுபோக ஒரு பிக்கப் டிரக் வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணி. டிரக் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். ஒன்று, இரண்டு... பொருளாளர் ஐயா, தூக்கிய கையை இறக்காதீர்கள், பார்த்துவிட்டேன்.