கட்டிப்பிடித்த படம் இல்லையா? விசா கஷ்டம்!

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் கலியாணம் கட்டிய சோடியே கைகோத்து நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதே சோடி கட்டிப்பிடித்து நிற்கும் படத்தைக் கனடாவில் முகம் தெரியாத ஓர் அதிகாரி பார்க்கிறார். அனுப்புவதும் அவர்களேதான்!

[திரையில்: வன்னி வரைபடம்]

பின்னணி, ஒரே மூச்சில்: 1983க்குப் பிறகு புலப்பெயர்வு, 2006 ஆகஸ்டில் ஏ9 நெடுஞ்சாலை மூடல், 2009 மே வரை போர், முகாம், மீள்குடியேற்றம், கைத்தொலைபேசி. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கனடாவில் இருப்பவர் தன் கணவனையோ மனைவியையோ அங்கே கூப்பிட்டுக்கொள்ளும் ஸ்பொன்சர் கலியாணம் என்றால் கனடாவுக்கு ஒரே சந்தேகம்: இது உண்மையான உறவா, குடியேறுவதற்காகக் கட்டியதா? எப்படிச் சந்தித்தீர்கள், உறவு எப்படி வளர்ந்தது என்று படிவம் கேட்கும். சாத்திரியார் பொருத்தம் பார்த்து முடித்த கலியாணத்தில் எதை எழுதுவது? படம், அழைப்பு விபரம், வட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சான்று. ‘சாப்பிட்டீங்களா?’ ‘ஓம், நீங்கள்?’ இதுவும் காதல் கோப்பில் ஏறும்! எனக்குப் பிடித்த இடமே இதுதான். எங்கள் ஊரில் காதலுக்கு ஆதாரம் கிடைத்தால் அடி விழும். அங்கே ஆதாரம் இல்லாவிட்டால் கள்ளக் கலியாணம்.

தொலைபேசியிலோ இணையத்திலோ தாலி கட்டவும் வழியில்லை. அப்படி நடக்கும் திருமணத்தை 2015 ஜூனிலிருந்து கனடா ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை. இலங்கைக்கு வர முடியாத மாப்பிள்ளை சென்னைக்கோ திருச்சிக்கோ வருவார். கலியாணம் முடிந்ததும் பறந்துவிடுவார். அதன்பிறகு தாம்பத்தியம் முழுக்க வீடியோ அழைப்பில். கோடையில் ரொறன்ரோவில் இரவு பத்து மணி என்றால் இங்கே காலை ஏழரை. மாமி பக்கத்திலிருந்து தேங்காய் துருவும்போது என்ன ரகசியம் பேச?

என் கருத்து: கலியாணத்துக்கு முன்பே மனம்விட்டுப் பேசுவதற்கு இந்தக் கோப்பு பெண்பிள்ளைகளுக்கு ஒரு சாட்டுக் கொடுத்தது, நல்லது. ஆனால் பேசிப் பார்த்தபின் ‘இவர் வேண்டாம்’ என்று ஒருத்தி சொன்னால்? செலவழித்த காசைக் கணக்குக் காட்டியே அவளுடைய வாயை அடைத்துவிடுவார்கள். ஸ்பொன்சரில் போனவர்கள், கீழே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். சப்ஸ்கிரைப்பையும் மறக்காதீர்கள்.

ஒருபால் காதலர் கதை இன்னும் விசித்திரம். 2005 முதல் கனடா முழுவதும் அவர்கள் மணம் முடிக்கலாம், ஸ்பொன்சரும் செய்யலாம். இங்கேயோ 1883இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டம். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் அதன் 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே பிடித்தது. 1995இல் திருத்தி, பெண்களையும் சேர்த்தார்கள். சமத்துவம் வந்த வழியைப் பாருங்கள்! இங்கிலாந்து தன் சட்டத்தை 1967இலேயே தளர்த்திவிட்டது. இந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது 2023 மே மாதத்தில்தான்.