குறடு எங்கே ஒளிகிறது: பழைய மல்டிடூல்கள் நான்கு, வடிவமைப்புகள் நான்கு

வணக்கம் நண்பர்களே. இன்று மேசையின் மேல் 1980-களிலும் 1990-களிலும் அறிமுகமான நான்கு மல்டிடூல்களை, அதாவது குறடு, கத்தி, திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கும் கைக்கருவிகளை, வைத்திருக்கிறேன். லெதர்மேன், கெர்பர், சாக் ஆகிய மூன்றும் அமெரிக்க நிறுவனங்களுடையவை. நான்காவது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். எதில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிடுகிறவர்களுக்கு உதவலாம், சேகரிப்பவருக்கு அவ்வளவாக உதவாது. நான் ஒவ்வொன்றிடமும் கேட்கும் முதல் கேள்வி வேறு: வேலை இல்லாத நேரத்தில் இதன் குறடு எங்கே போய் ஒளிகிறது? கைப்பிடியின் வடிவம், கத்தியை எடுக்கும் முறை, அழுத்தும்போது உள்ளங்கை படும் பாடு எல்லாவற்றையும் பெரும்பாலும் அந்த ஒரு முடிவுதான் தீர்மானிக்கிறது.

முதலில் லெதர்மேனின் பாக்கெட் சர்வைவல் டூல். சேகரிப்பவர்கள் சுருக்கமாக பி.எஸ்.டி என்பார்கள். டிம் லெதர்மேன் 1975-இல் மனைவியுடன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். காரும் அடிக்கடி மக்கர் செய்தது, தங்கிய மலிவான விடுதிகளில் குழாய்களும் ஒழுகின. கையில் இருந்த சாரணர் கத்தியால் பலவற்றைச் சமாளித்தவருக்கு, அதோடு ஒரு கட்டிங் பிளேயரும் இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் மட்டும் தீரவில்லை. ஊர் திரும்பி வண்டிக்கொட்டகையில் உட்கார்ந்தவர், ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்த முன்மாதிரிக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளைச் செலவிட்டார். 1980-இல் காப்புரிமை கிடைத்த பிறகும் வாங்க ஆளில்லை. கத்தி நிறுவனங்கள் இது கத்தியே அல்ல என்றன. கருவி நிறுவனங்கள் இதை வெறும் விளையாட்டுச் சாமானாகப் பார்த்தன. நண்பர் ஸ்டீவ் பெர்லினருடன் சேர்ந்து ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் தாமே நிறுவனம் தொடங்கினார். 1983-இல் கபேலாஸ் என்ற அஞ்சல்வழி வணிக நிறுவனம் 500 வேண்டும் என்று கேட்டதுதான் திருப்பம். ஆண்டுக்கு 4,000 விற்றால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தவர்கள், முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 30,000 விற்றார்கள்.

இதைக் கேமராவுக்கு அருகே கொண்டுவருகிறேன், பாருங்கள். மடக்கிய நிலையில் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், எடை சுமார் 140 கிராம். கைப்பிடிகள் வார்க்கப்பட்டவை அல்ல. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை மூன்று பக்கமும் மடித்து, ஒரு பக்கம் திறந்த வாய்க்காலாக ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு வாய்க்கால்களும் ஒன்றையொன்று பார்த்தபடி மூடும்போது, நடுவில் கிடைக்கும் இடத்தில் குறடு படுத்துக்கொள்கிறது. கத்தி, அரம், திருப்புளிகள், டப்பா திறப்பான் எல்லாம் அந்த வாய்க்கால்களுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இவ்வளவு மெலிதாக ஒரு குறடை மடக்க முடிந்ததற்கு அந்தத் தகடுதான் காரணம்.

அதற்கான விலையும் அங்கேயே இருக்கிறது. குறடைத் திறக்கக் கைப்பிடிகளை வெளிப்புறமாகப் புரட்டுகிறோம். அப்போது வாய்க்காலின் திறந்த பக்கம், தகட்டின் இரண்டு விளிம்புகளோடு, நேராக நம் உள்ளங்கையைப் பார்க்கிறது. கெட்டியான கம்பி ஒன்றை இதில் வைத்து நறுக்கிப் பாருங்கள். விரல்களின் மடிப்பில் இரண்டு சிவந்த கோடுகள் விழும். கத்தி வேண்டுமானாலும் முழுக் கருவியையும் திறந்து, அதை நகத்தால் இழுத்து, மீண்டும் மூட வேண்டும். அதிலும் ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பதும் கூடவே எழுந்து வரும். விரித்த கருவிகள் அப்படியே நிற்கப் பூட்டும் கிடையாது. 1994-இல் வந்த சூப்பர் டூலில்தான் பூட்டு வந்தது. இத்தனை குறை சொன்ன பிறகும், இந்த நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். பிறகு வந்தவை பெரும்பாலும் இது எழுப்பிய சிக்கல்களுக்கான பதில்களே.

முதல் பதில் அதே போர்ட்லாண்டிலிருந்து வந்தது. 1939 முதல் கத்தி செய்துவந்த கெர்பர், 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட மல்டி-பிளையரில் குறடை மடக்கவே இல்லை. கைப்பிடிகளுக்குள் சறுக்கிப் போகும்படி வைத்தது. மணிக்கட்டை ஓர் உதறு உதறினால் குறடு வெளியே பாய்ந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு பொத்தான்களை அழுத்தினால் உள்ளே போய்விடும். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குறடை எடுக்க வேண்டியவர்களுக்கு இது பெரும் வசதி. கைப்பிடியைப் புரட்டும் வேலையே இல்லாததால் கூரிய விளிம்பு கையில் படுவதும் இல்லை. ஆனால் சறுக்கும் பகுதிக்குச் சிறிது இடைவெளி விட்டே ஆக வேண்டும்; அந்த இடைவெளிதான் நாளடைவில் ஆட்டமாகிறது. பழைய கெர்பர் ஒன்றை வாங்கும் முன் குறடை வெளியே தள்ளிப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சிறிய ஆட்டம் இயல்பு. குறடு கடிக்கும் இரண்டு அலகுகளின் நுனி ஒன்றையொன்று சந்திக்காமல் விலகினால் விட்டுவிடுங்கள்.

சாக் நிறுவனத்தை ஸ்பென்சர் ஃப்ரேசர் 1986-இல் தொடங்கினார். பவர்பிளையர் என்ற கருவியில் அவர்கள் மடக்கும் முறையை வைத்துக்கொண்டு, கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே பற்சக்கரங்களைப் புகுத்தினார்கள். கை நகரும் தொலைவைவிட அலகு குறைவாக நகர்கிறது. அந்த அளவுக்கு அலகில் விசை கூடுகிறது. ஆணி நறுக்கும்போது வேறுபாடு உடனே தெரியும். ஆனால் அலகு ஓரளவு அகலமாகத் திறக்கவே கைப்பிடிகளை வெகுதூரம் விரிக்க வேண்டியிருப்பதால், சிறிய கை உள்ளவர்கள் திணறுவார்கள். பற்களுக்கு நடுவே மணலும் பழைய கிரீசும் சேர்ந்து இறுகிவிடுவதும் உண்டு. மண்ணெண்ணெயும் பல்துலக்கும் பிரஷும் கொண்டு அதைச் சரிசெய்துவிடலாம்.

விக்டோரினாக்ஸ் அவசரப்படவில்லை. லெதர்மேனின் முதல் காப்புரிமைக் காலம் 1997-வாக்கில் முடிந்தது. 1998-இல் அந்த நிறுவனத்தின் ஊரான இபாக்கிலிருந்து ஸ்விஸ்டூல் வந்தது. இதிலும் குறடு நடுவில் மடங்கித்தான் ஒளிகிறது, ஆனால் மற்ற கருவிகள் வெளிப்பக்கம் பார்க்கின்றன. குறடைத் திறக்காமலேயே கத்தியையோ திருப்புளியையோ எடுக்கலாம். கைப்பிடிகளைப் புரட்டியதும் அந்த வெளிப்பக்கம் உட்பக்கமாகிவிடுவதால், உள்ளங்கைக்குக் கிடைப்பது வழவழப்பான முதுகு. பி.எஸ்.டி-யின் இரண்டு முக்கியக் குறைகளும் ஒரே மாற்றத்தில் தீர்ந்துவிடுகின்றன. இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கைதட்டத் தோன்றியது. ஒவ்வொரு கருவிக்கும் தனி ஸ்பிரிங் இருப்பதால் ஒன்றை இழுத்தால் மற்றொன்று எழுவதில்லை. மூடும்போது வரும் சொடுக்கு ஒலி, அவர்களுடைய பேனாக்கத்தியின் அதே ஒலி. எடை மட்டும் 290 கிராம் அளவில் நிற்கிறது, அதாவது பி.எஸ்.டி-யைப்போல் இரு மடங்கு. வேட்டிக்கும் லுங்கிக்கும் சரிப்பட்டு வராது. இடுப்பு பெல்ட்டில் தோலுறை இருந்தால்தான் உண்டு. அதே 1998-இல் லெதர்மேனும் வேவ் என்ற கருவியில் கத்திகளை வெளிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, கைப்பிடியின் விளிம்புகளையும் உருட்டிவிட்டது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலகுகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனியில் ஒளி கசிந்தால் யாரோ அதை நெம்புகோலாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கத்தி கல்லில் தேய்ந்து ஒல்லியாகிவிட்டதா என்பதை நல்ல நிலையில் உள்ள ஒன்றின் படத்தோடு ஒப்பிடுங்கள். பிற்கால பி.எஸ்.டி-க்களில் கைப்பிடியின் உட்புறம் மாதமும் ஆண்டுமாக நான்கு இலக்க எண் பொறித்திருக்கும். தொடக்க ஆண்டுகளின் கருவிகளில் அது இருக்காது, அதனால் எண் இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கறையைப் போக்குகிறேன் என்று பஃப் சக்கரத்தில் வைத்து மினுக்க வேண்டாம். பொறிப்புகளும் மூல மேற்பரப்பும் போய்விட்டால் சேகரிப்பவருக்கு அதில் ஆர்வம் குறைந்துவிடும்.

கடைசியாக, லெதர்மேன் தன் கருவிகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. ஆனால் பி.எஸ்.டி தயாரிப்பு 2004-இல் நின்றுவிட்டது. அதனால் கத்தி முறிந்த பழைய கருவியை அனுப்பினால், அதற்குப் பதிலாக இன்றைய மாடல் ஒன்று வந்து சேரலாம். தினமும் பயன்படுத்த ஒரு கருவி வேண்டுமென்றால் தாராளமாக அனுப்புங்கள். சேகரிப்புக்கு என்றால், கத்தி முறிந்ததையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் குறடு உடைந்த இன்னொன்று கிடைக்கும்போது உதிரிப் பாகங்களுக்கு அது கைகொடுக்கும்.