மோட்டார் போட்டாச்சு

வணக்கம். எந்த அயல்மொழி பேச ஆசை என்று யாரைக் கேட்டாலும் பதில் சட்டென்று வரும். பிரெஞ்சு என்பார் ஒருவர். நர்ஸிங் படிக்கிற பெண் ஜெர்மன் என்பாள். ஏன் என்று கேட்டால் வேலை, விசா, இல்லாவிட்டால் ராத்திரி கண்விழித்துப் பார்க்கிற கொரிய சீரியல். எனக்கும் கொரியன்தான், ஆனால் காரணம் சீரியல் இல்லை. தண்ணீர் மோட்டார்.

எங்கள் வீடு போரூர் பக்கம். சில வருடங்களுக்கு முன்னால் மாடியில் ஒரு கொரியக் குடும்பம் குடியிருந்தது. ஒரு இன்ஜினியர், அவர் மனைவி, இன்ஜினியருடைய வயதான அம்மா. காலை ஆறரைக்கு நான் கீழே சம்ப் பக்கத்தில் நின்று மோட்டார் சுவிட்சைத் தட்டுகிற நேரமும் அந்த அம்மா நடைப்பயிற்சிக்கு இறங்கி வருகிற நேரமும் ஒன்று. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து, "பாப் மொகொஸ்ஸொயோ?" என்பார். கேள்விதான், இழுப்பிலேயே தெரிகிறது. பாப் என்றால்? நான் நிற்பது மோட்டார் பக்கத்தில், மாடியில் குழாய் அடிக்கடி காற்று வாங்கும், அப்படியென்றால் பம்ப்பைத்தான் கேட்கிறார். "போட்டாச்சும்மா, போட்டாச்சு" என்பேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நடக்கப் போய்விடுவார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை நேயர்களே, எட்டு மாதம். தினமும் கேள்வி, தினமும் போட்டாச்சு.

ஒருநாள் எங்க வீட்டம்மா மாடிக்குப் பொங்கல் கொண்டுபோனார். கையை வாய்க்குக் கொண்டுபோய், "சாப்பிட்டீங்களா?" என்று சைகையோடு கேட்க, அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, சுத்தமான தமிழில், "போட்டாச்சு!" என்றாராம்.

அவருடைய மகன், அந்த இன்ஜினியர்தான் விளக்கினார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பாப் என்றால் சோறு. சாப்பிட்டீங்களா என்றுதான் அந்த அம்மா எட்டு மாதமாக என்னைக் கேட்டிருக்கிறார். கொரியாவில் பெரியவர்கள் நம்மைப் போலவே, எதிரில் வருகிறவரைச் சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பார்கள். நான் மோட்டாரைப் பற்றித் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தேன். சரியான பதிலை நான் கற்றுக்கொள்வதற்குள் அவர்கள் வீட்டைக் காலிசெய்து ஊருக்கே போய்விட்டார்கள். அந்தக் கடுப்பில்தான் ஐம்பத்தாறு வயதில் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

இங்கேதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம். நாம் கொரியனை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். புத்தகம் ஆங்கிலத்தில், வாத்தியார் விளக்குவதும் ஆங்கிலத்தில். "கவனியுங்கள், இந்த மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும்" என்று அரை மணிநேரம் பாடம். நான் தண்ணீரைக் குடிக்கிறேன் என்று பிறந்ததிலிருந்து சொல்கிறவனுக்கு இதில் என்ன அதிசயம்? நண்பனுக்கு அன்யொங், பெரியவருக்கு அன்யொங் ஹாசேயோ, இதற்கு ஒரு வகுப்பு முழுக்கப் போனது. வா, வாங்க. முடிந்தது.

இன்னொன்று கேளுங்கள். கொரியர்கள் என் வீடு என்று சொல்வது அபூர்வம், உரி ஜிப் என்பார்கள், உரி என்றால் 'எங்கள்'. அம்மாவும் எங்கள் அம்மாதான், கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாவிட்டாலும். கணவரைக்கூட 'எங்கள் கணவர்' என்பார்கள். இது வந்ததும் வகுப்பில் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள், ஏனென்றால் அதை ஆங்கிலத்தில் யோசித்தார்கள். அதே பிள்ளைகள் இடைவேளையில் போனை எடுத்து "எங்க அம்மா திட்டுவாங்கடி" என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்! நான் சற்றுமுன் 'எங்க வீட்டம்மா' என்றேனே, யாராவது சிரித்தீர்களா?

உடனே சிலர் அம்மா, அப்பா இரண்டும் கொரியனிலும் இருக்கிறதே, அது தமிழிலிருந்து போனதுதானே என்பார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணப் புத்தகமே போட்டார். ஆனால் மொழியியலாளர்கள் இன்றைக்கு அந்த உறவை ஏற்பதில்லை, அம்மா அப்பா போன்ற சொற்கள் உலகத்தில் பல மொழிகளில் உண்டு. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. மாடியில் இருப்பவரோடு பேச அவர் நமக்குச் சொந்தமாக வேண்டுமா என்ன?

எழுத்துக்கு வருகிறேன். செஜோங் என்ற அரசர் 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்ட எழுத்து அது, அதுவரை சீன எழுத்துதான். கெட்டிக்காரன் ஒரு காலைப்பொழுதுக்குள் கற்றுவிடுவான், மந்தமானவனுக்கும் பத்து நாள் போதும் என்று அப்போதே எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு நாலு நாள் ஆனது, நான் எந்தப் பக்கம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எழுத்துகளின் வடிவம் படம் போட்டால்தான் புரியும், விட்டுவிடுவோம். ஓசையை மட்டும் சொல்கிறேன். கடலில் வருகிற க வேறு, தங்கத்தில் வருகிற க வேறு, எழுத்து ஒன்றுதான், இல்லையா? அங்கேயும் அதே கதை. இறைச்சிக்கு கோகி என்று பெயர், ஒரே மெய்யெழுத்து இரண்டு தடவை, முதலில் வல்லோசை, நடுவில் மெல்ல. ஆங்கிலத்தில் எழுதும்போது கே போடுவதா ஜி போடுவதா என்று திண்டாட்டம். தமிழில் கோகி என்று எழுதி வாசித்தாலே பெரும்பாலும் வந்துவிடுகிறது. தலைநகரின் பெயரும் 'சொ-உல்' என்பதற்குப் பக்கத்தில்தான், ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்து நாம் அதைச் சியோல் ஆக்கிவிட்டோம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தமிழ் வழியாகப் போங்கள், பாதித் தூரம் மிச்சம்.

எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்கள் இரண்டு வரிசை, சொந்த எண் ஒன்று, சீனத்திலிருந்து வந்தது ஒன்று. ஏழரை மணி என்று சொல்ல, ஏழுக்குச் சொந்த எண், முப்பது நிமிடத்துக்குச் சீன எண். இதில் நான் பட்ட பாட்டைத்தான் விரிவாகச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். சரி, வேகமாக. கொரிய மொழித் திறனைச் சோதிக்க டோபிக் என்று ஒரு தேர்வு, மொத்தம் ஆறு நிலை, முதல் இரண்டு நிலைக்குக் கேட்பதும் வாசிப்பதும்தான், எழுத வேண்டாம். சென்னையில் இன்கோ சென்டர் என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் வகுப்பு நடத்துகிறார்கள். வயது... இல்லை, நேரம் முடிந்தது. கையில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. வணக்கம்.