கொலராடோ: இல்லாத நீருக்குப் போட்ட பங்கு

அவையோருக்கு வணக்கம். அமெரிக்காவின் மேற்கே உள்ள கொலராடோ பீடபூமியின் பாறை அழகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே நிலத்தையும் நீரையும் எப்படி அளந்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

1862-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் தந்தது. மழை பெய்யும் கிழக்குச் சமவெளிக்கு அது பொருந்தியது. ஆண்டு மழை 20 அங்குலத்தைத் தொடாத மேற்கில் அது இரண்டுங்கெட்டான். வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுவதானால் ஒரு குடும்பத்துக்கு மிகை. மாடு மேய்க்கவோ போதாது.

1869-இல் கொலராடோ ஆற்றில் படகில் இறங்கிய புவியியலாளர் ஜான் வெஸ்லி பவல், 1878 அறிக்கையில் வேறு கணக்குச் சொன்னார்: பாசன நிலம் 80 ஏக்கருக்கு மேல் வேண்டாம், மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர், அதில் 20 ஏக்கருக்குத் தண்ணீர் பாய வேண்டும். சதுரம் சதுரமாக வெட்டாமல், ஒவ்வொரு பண்ணைக்கும் நீர்க்கரை கிடைக்கும்படி எல்லை போட வேண்டும். நீருரிமை நிலத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து ஆற்றையே பங்கிட்டார்கள். 1922 ஒப்பந்தம் மேல்படுகைக்கு, அதாவது ஆற்றின் மேல்பகுதி மாநிலங்களுக்கு, ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்பகுதி மாநிலங்களான கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் என்றது. (ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்.) நம் கணக்கில் ஆளுக்குச் சுமார் 327 டி.எம்.சி. 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் சேர்ந்தது. ஆக 165 லட்சம். ஆனால் ஒப்பந்தக்காரர்கள் கையில் இருந்த அளவீடுகள் வழக்கத்தை மீறி ஈரமான ஆண்டுகளுக்கு உரியவை. 2000-க்குப் பிறகு ஆற்றின் இயல்பு வரத்து சராசரியாக 125 லட்சத்தை ஒட்டியே இருக்கிறது. வந்ததில் விழுக்காடு என்று எழுதியிருந்தால் பற்றாக்குறையும் பங்காகியிருக்கும். நிலையான அளவை எழுதியதால் சண்டையே மிஞ்சியது.

இந்தச் சிக்கல் முழுவதையும், மேல்படுகையிலிருந்து கீழ்ப்படுகைக்கு நீரை விடும் கிளென் கேன்யன் அணையின் குழாய்களில் பார்க்கலாம். அணைக்குப் பின்னால் தேங்கும் பவல் ஏரி நிறைந்தால் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 3,700 அடி. 3,490-க்குக் கீழே போனால் மின்சுழலிக்குள் காற்று புகும். மின்னுற்பத்தியை நிறுத்தியாக வேண்டும். பிறகு நீர் வெளியேற, 8 அடி விட்டமுள்ள நான்கு குழாய்கள்தான். மட்டம் குறையும்போது அவற்றில் நீராவிக் குமிழிகள் உண்டாகி, நொறுங்கி, உட்சுவரை அரிக்கும். 2023-இல் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டபின் அப்படிச் சேதம் தெரிந்தது. 3,370 அடிக்குக் கீழே ஒரு சொட்டும் இறங்காது. தொடர்ச்சியான எந்தப் பத்து ஆண்டுகளைக் கூட்டினாலும் கீழே போகும் நீர் 750 லட்சம் ஏக்கர்-அடிக்குக் குறைய மேல்படுகை காரணமாகக் கூடாது என்கிறது ஒப்பந்தம். மட்டம் 3,370 அடி வரை இறங்கிவிட்டால், ஏரியில் தேங்கிய நீர் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதை அனுப்ப அணையில் வழி கிடையாது.